குடித்தாரா என்று கேளுங்கள்

நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "ரெண்டு வாய்கூடச் சாப்பிடல." எவ்வளவு குடித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. உடம்புக்குச் சேரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சோறு, குழம்பு, காய், பழத்திலிருந்து வருகிறது. உப்பு அநேகமாக முழுவதுமே சாப்பாட்டில்தான். தட்டைத் தள்ளிவிட்டால் இரண்டும் குறைந்துபோகும்.

பெரியம்மாவுக்குக் கீமோ நடந்தபோது வாயெல்லாம் புண். "எரியுதுடி, வேணாம்" என்று டம்ளரைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாக்கு வறண்டு, சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. வார்டில் இருந்த நர்ஸ்தான் வழி சொன்னார்: "டம்ளரைக் காட்டாதீங்கம்மா, ஸ்பூன்ல குடுங்க." வடிகஞ்சியில் உப்புப் போட்டு, நன்றாக ஆறவைத்து, புண் இல்லாத பக்கமாக ஒவ்வொரு டீஸ்பூனாக விட்டோம். ஒரு டீஸ்பூன் என்பது ஐந்து மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். குமட்டினால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கலாம். மோர் நல்லதுதான், ஆனால் புளித்திருந்தால் புண்ணில் பட்டு உயிர் போகும்.

வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஓஆர்எஸ், அதாவது உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசல்தான். குடலில் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வைத்தார். கூட இருந்த சொந்தக்காரர்களே மொண்டு புகட்டினார்கள். சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வீட்டில் ஓஆர்எஸ் கலக்கும்போது, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகப் பிரித்துப் போடக் கூடாது.

வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். பக்கவாதம் வந்தவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது நுரையீரலுக்குள் போகக்கூடும். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை, எழுப்பினால் கண் சொருகுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.