வெள்ளித் தட்டு சோறு போடுமா?

1957-ம் ஆண்டு, ஜூலை மாதம். லண்டன் நகரில் விம்பிள்டன் டென்னிஸ் மைதானம். எலிசபெத் ராணி மைதானத்துக்குள் வந்தார். ஒரு கறுப்பு இனப் பெண்ணின் கையில் பெரிய வெள்ளித் தட்டைக் கொடுத்துக் கை குலுக்கினார்.

அந்தப் பெண்தான் அல்தியா கிப்சன். அமெரிக்காவில், பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பு இனத்தவர் அவரே. ஊர் திரும்பியதும் ஊர்வலம் நடந்தது. மாடிகளில் இருந்து காகிதத் துண்டுகளை மழையாகப் பொழிந்தார்கள். மறு ஆண்டும் அவர்தான் சாம்பியன்.

இரண்டு தடவை வென்றதற்கும் அவருக்குக் கிடைத்த பரிசுப் பணம் எவ்வளவு? ஒரு காசு கூட இல்லை!

உருளைக்காக வந்த போட்டி

இத்தனைக்கும், விம்பிள்டன் பிறந்த கதையே பணக் கதைதான். 1877-ல் அங்கிருந்த கிளப்பில், புல் தரையைச் சமன் செய்யும் உருளை பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்யப் பணம் வேண்டும். அதற்காகப் போட்டி வைத்தார்கள். 22 ஆண்கள் ஆடினார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துச் சுமார் 200 பேர் இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஸ்பென்சர் கோர் வென்றார். பெண்களுக்கு 1884-ல்தான் இடம் கிடைத்தது. தன் அக்காளையே தோற்கடித்துப் பட்டம் வென்றார் மாட் வாட்சன்.

பிறகு கூட்டம் பெருகியது. டிக்கெட் பணமும் குவிந்தது. ஆனால் ஆடுகிறவர் மட்டும் காசைத் தொடக் கூடாதாம்! தொட்டால் அவர் "தொழில்முறை ஆட்டக்காரர்". விம்பிள்டனில் அவருக்கு இடம் இல்லை.

கேட்பதற்கு உயர்ந்த கொள்கைதான். பரம்பரைச் சொத்துள்ள சீமான்களுக்கு அது பொருந்தும். பருத்திக் காட்டில் பிறந்தவர் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வார்?

ராட் லேவருக்கும் இதே கதிதான். 1961-ல் அரை இறுதியில் நம் ராமநாதன் கிருஷ்ணனை வென்று, பட்டத்தையும் பெற்றவர் அவர். 1962-லும் அவரே வென்றார். பணத்துக்கு ஆடப் போனார், கதவு மூடிக்கொண்டது. 1968-ல் விதி மாறிய பிறகுதான் திரும்பி வந்தார். வந்த ஆண்டே பட்டம் வென்றார். பரிசு 2,000 பவுண்டு.

அதே ஆண்டு பெண்களில் வென்றவர் பில்லி ஜீன் கிங். அவருக்குக் கொடுத்ததோ 750 பவுண்டு!

கணக்கு உதைக்கிறது

"ஆண்கள் ஐந்து செட் வரை ஆடுகிறார்கள், பெண்களுக்கு மூன்றே செட்" என்று இதற்குக் காரணம் சொல்லப்பட்டது. 1968 இறுதி ஆட்டங்களையே பாருங்கள். லேவர் 6-3, 6-4, 6-2 என்று வென்றார். மொத்தம் 27 கேம். கிங் 9-7, 7-5 என்று வென்றார். மொத்தம் 28 கேம். கூட ஒரு கேம் ஆடியவருக்குப் பாதிப் பணம்கூட இல்லை! அப்புறம் செட் கணக்கைப் பேசி என்ன பயன்?

இந்தக் கணக்கு நேராவதற்கு 39 ஆண்டுகள் ஆயின. 2006-ல் வீனஸ் வில்லியம்ஸ் ஒரு லண்டன் பத்திரிகையில் கட்டுரை எழுதி நியாயம் கேட்டார். 2007-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு வந்தது.

அல்தியா அதைப் பார்க்க இல்லை. 1958-க்குப் பிறகு அவர் பிழைப்புக்காக இசைத்தட்டில் பாடினார், சினிமாவில் நடித்தார், கூடைப்பந்து ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்துக்கு டென்னிஸ் ஆடிக் காட்டினார், கோல்ப் ஆடினார். முதுமையில் நோய் வந்தது. வாடகைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை. 1956-ல் அவருடன் சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஆஞ்சலா பக்ஸ்டன்தான் ரசிகர்களிடம் உதவி திரட்டிக் கொடுத்தார். 2003-ல் அல்தியா காலமானார்.

2007-ல் அந்த வெள்ளித் தட்டை வாங்கியவர் வீனஸ் வில்லியம்ஸ். கூடவே 7 லட்சம் பவுண்டு. ஆண்கள் சாம்பியன் ரோஜர் பெடரருக்கும் அதே 7 லட்சம்தான்.