நாற்பத்தாறு பேர் குறைந்த ஊர்

பாடசாலை இடாப்பைப் பல்லாண்டு கையாண்டவன் என்ற முறையில் எனக்கு ஓர் உண்மை தெரியும். தவணைத் தொடக்கத்தில் வகுப்பிலே நாற்பது மாணவர்; தவணை முடிவிலும் நாற்பது மாணவர். ஆயினும் அந்த நாற்பதும் இந்த நாற்பதும் ஒன்றே எனத் துணிந்துவிடலாகாது. இடையில் அறுவர் விலகியிருக்கலாம். வேறு அறுவர் வந்து சேர்ந்திருக்கலாம். தொகையை மாத்திரம் பார்த்துக் கையொப்பமிடும் அதிகாரிக்கு அவ்வகுப்பில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்புத் தொகைகளை நோக்கிக்கொண்டிருந்தபோது இவ்வுண்மை என் நினைவுக்கு வந்தது. அந்நாட்டின் நடுமேற்குப் பகுதியிலே அயோவா என்னும் மாநிலம்; அதன் வடகிழக்கில், சோளமும் சோயா அவரையும் விளையும் நிலங்களின் நடுவே, போஸ்ற்வில் என்றொரு சிற்றூர். 2000ஆம் ஆண்டிலே அதன் சனத்தொகை 2,273. 2010ஆம் ஆண்டிலே 2,227. பத்தாண்டிற் குறைந்தவர் 46 பேர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் பெருநிகழ்ச்சி எதுவுமின்றிக் காலங்கழித்த ஊர் இதுவென்றே கொள்வர். உண்மையோ முற்றிலும் வேறு. இவ்விரு மதிப்புகளுக்கும் இடையில், ஒரே நாளில், அவ்வூரின் தொழிற்சாலையொன்றிலிருந்து 389 பேர் விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அவ்வூரின் வரலாறு தொடக்கந்தொட்டே வந்து குடியேறியோரின் வரலாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு வந்து குடியேறிய ஜோயல் போஸ்ற் என்பவரின் பெயரே ஊர்ப் பெயராயிற்று. பின்னர் ஜேர்மானியரும் நோர்வேயரும் வந்து நிலந்திருத்தி வாழ்ந்தனர். கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பணியால் உலகறிந்தவராகி, 1946இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோன் மொற் வளர்ந்ததும் இவ்வூரிலேதான். அவரும் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்து, கைக்குழந்தையாய்ப் பெற்றோருடன் இங்கு வந்தவரே.

1980களில் அமெரிக்கக் கமக்காரரைக் கடன்சுமை வாட்டியது. வட்டி ஏறியது, நிலத்தின் விலை வீழ்ந்தது, தலைமுறை தலைமுறையாக உழுத நிலங்கள் ஏலத்திற் போயின. இளைஞர் நகரங்களை நாடினர். போஸ்ற்வில்லின் பழைய இறைச்சித் தொழிற்சாலையும் மூடப்பட்டது. 1990இல் அங்கே எண்ணப்பட்டோர் 1,472 பேர். அக்காலத்துச் சிற்றூர்கள் பல இப்படியே தேய்ந்து, கடைத்தெரு இருண்டு, பாடசாலைகளை அயலூர்ப் பாடசாலைகளோடு இணைத்துவிட்டு அடங்கின. போஸ்ற்வில் அவ்வாறு அடங்கவில்லை. நியூயோர்க்கின் புறூக்லின் பகுதியைச் சேர்ந்த றூபாஷ்கின் என்னும் யூதக் குடும்பத்தினர், மூடிக்கிடந்த தொழிற்சாலையை வாங்கி, 1987இல் யூத சமய விதிப்படி இறைச்சி பதனிடும் நிலையமாக அதனைத் திறந்தனர். நாளடைவில் அமெரிக்காவில் அவ்வகைத் தொழிற்சாலைகளுள் அதுவே மிகப் பெரியதாயிற்று. 1990க்கும் 2000க்கும் இடையில் ஊரில் 801 பேர் கூடினர்.

சோளவயல்களின் நடுவே கறுப்புத் தொப்பியும் நீண்ட தாடியும் உடைய வைதிக யூதர் நடமாடினர். கிழக்கு ஐரோப்பியர் வந்தனர். மெக்சிக்கோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் உழைப்பாளர் வந்தனர். உலகத்தாருக்கெல்லாம் சொந்த ஊர் என்று போஸ்ற்வில் தன்னைத்தானே பெருமையோடு அழைத்துக்கொண்டது. வாடகை வீடுகள் நிரம்பின, கடைகள் திறந்தன, வகுப்பறைகளில் மீண்டும் பிள்ளைகள் அமர்ந்தனர். ஆயினும் இரத்தமும் ஈரமும் நிறைந்த அத்தளத்தில், குறைந்த கூலிக்கு, கத்தியோடு நெடுநேரம் நின்றவர்களுட் பெரும்பாலார் செல்லுபடியாகும் குடிவரவுப் பத்திரம் இல்லாதவர். அவர்களின் உழைப்பாலேயே ஊர் பிழைக்கிறது என்பதை ஊரார் அறியாதிருந்தனரா? அறிந்தும் வினவாதிருந்தனர் என்பதே பொருந்தும்.

2008ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, திங்கட்கிழமை முற்பகல், குடிவரவு அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் வந்து தொழிற்சாலையைச் சூழ்ந்தனர். பிடிபட்ட 389 பேருட் பெரும்பாலார் குவாத்தமாலா நாட்டவர். வாட்டர்லூ நகரில் மாட்டுக் கண்காட்சி நடைபெறும் மைதானத்திலே அவர்களை அடைத்தனர். அங்கிருந்த நடன மண்டபம் நீதிமன்றமாயிற்று. பத்துப் பத்துப் பேராக நிறுத்தி விசாரித்தனர். ஏறக்குறைய 300 பேர்மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. பிறருடைய அடையாளத்தைத் திருடிய பெருங்குற்றத்துக்கு ஈராண்டுச் சிறை; போலிப் பத்திரம் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டால் ஐந்து மாதச் சிறையும் நாடுகடத்தலும். எதனைத் தெரிவது என்று முடிவுசெய்ய அளிக்கப்பட்ட தவணை ஒரு வாரமே. பெரும்பாலார் ஐந்து மாதத்தையே தெரிந்தனர்.

இச்செய்தி வெளியுலகுக்கு விரிவாகத் தெரியவந்தது ஒரு மொழிபெயர்ப்பாளராலே என்பது இலக்கிய அன்பர்கள் கருதத்தக்கது. புளோரிடாவிற் பேராசிரியராயிருந்த எரிக் கமாய்ட் பிறெய்க்ஸாஸ், அந்நீதிமன்றத்தில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். கேட்டதை மொழிபெயர்த்துவிட்டு வாய்மூடியிருத்தலே அத்தொழிலின் மரபு. அவரோ தாம் கண்டதை நீண்ட கட்டுரையாக எழுதினார்; அமெரிக்கக் காங்கிரசின் விசாரணையிலும் சாட்சியமளித்தார். பிடிபட்டோருட் பலர் எழுத்தறிவு குன்றியவர். சிலருக்கு மாயா இனத்தாரின் மொழியே தாய்மொழி, ஸ்பானியம் இரண்டாம் மொழி. எந்த எண்ணைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதோ அந்தச் சமூகப் பாதுகாப்பு எண் இன்னதென்றே பலருக்கு விளங்கவில்லை என்பது அவர் எழுதியதன் சாரம்.

அடுத்த ஆண்டு, 2009 மே மாதத்தில், வேறொரு வழக்கிலே அமெரிக்க உயர்நீதிமன்றம் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. தான் பயன்படுத்திய எண் உண்மையிலே இன்னொரு மனிதருக்குரியது என்பதை அறிந்திருந்தாலன்றி ஒருவரை அடையாளத் திருட்டுக் குற்றவாளியாக்க முடியாது என்பதே தீர்ப்பு. போஸ்ற்வில் தொழிலாளரை அச்சுறுத்திய குற்றச்சாட்டின் அடித்தளம் இவ்வாறு தளர்ந்தது. ஆனால் அதற்கிடையில் ஐந்து மாதம் கழிந்துவிட்டது.

எல்லை காப்பது அரசின் உரிமை என்பாரும், சட்டத்தை மீறி வந்தோர் விளைவை ஏற்கவேண்டும் என்பாரும் உளர். அவர் கூற்றை நான் தள்ளிவிடவில்லை. ஆயினும் சட்டம் யார்மேல் எவ்வளவு விரைவாகப் பாய்ந்தது என்பதை நோக்கவேண்டும். தொழிற்சாலையை நடத்திய ஷோலம் றூபாஷ்கின்மேல் இருந்த குடிவரவுக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. வங்கி மோசடிக் குற்றங்களுக்காகவே 2010இல் அவருக்கு 27 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2017 டிசெம்பரில் ஜனாதிபதி ட்றம்ப் அத்தண்டனையைக் குறைத்து அவரை விடுவித்தார். அத்தண்டனை மிகக் கடுமையானது என்று பலர் முன்னரே வாதாடியிருந்தனர். அவர்கள் வாதம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் நடன மண்டபத்தில் வரிசையாக நின்றவர்களுக்காக வாதாட ஒரு வாரத்துக்குமேற் காலம் இருக்கவில்லை.

கைதுக்குப் பின் ஊர் நிலைகுலைந்தது. அஞ்சிய குடும்பங்கள் கத்தோலிக்க ஆலயத்திற் புகலடைந்தன. வேறு பலர் இரவோடிரவாக ஊரைவிட்டகன்றனர். தொழிற்சாலை 2008 நவம்பரில் வங்குரோத்தாயிற்று. வெறுமையான இடத்தை நிரப்ப, சட்டப்படி வேலைசெய்யும் உரிமையுடைய பலாவுத் தீவினர் பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரவழைக்கப்பட்டனர், சோமாலியர் வந்தனர். 2009இல் தொழிற்சாலை கைமாறி வேறு பெயரோடு இயங்கத் தொடங்கியது. 2010இல் எண்ணுவோர் வந்தபோது கணக்கு ஏறத்தாழ நிகராகிவிட்டிருந்தது. 2020இல் அது 2,503 ஆக உயர்ந்தது. அப்பத்தாண்டில் அயோவாவின் 99 மாவட்டங்களுள் மூன்றில் இரண்டு பங்கு சனத்தொகையில் இறங்கின என்பதை நினைத்தால் இவ்வுயர்வின் அருமை புலப்படும்.

இன்று அமெரிக்காவில் நடைபெறும் பெருவிவாதத்துக்கு இச்சிற்றூர் நல்ல சான்று. மாநிலங்களின் பிரதிநிதித்துவம் அங்கு வாழும் ஆட்களின் முழுத்தொகையைக் கொண்டே வகுக்கப்படல்வேண்டும் என்பது 1868இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்தின் வாசகம். பிரசைகளின் தொகை என்று அது கூறவில்லை. 2020இல், பத்திரமற்றோரை அக்கணக்கிலிருந்து நீக்குமாறு ஜனாதிபதி ட்றம்ப் பணித்தார். 2021 ஜனவரியில் அவருக்குப் பின்வந்தவர் அப்பணிப்பை இரத்துச்செய்தார். 2025 ஓகஸ்டில் மீண்டும் ஜனாதிபதியாயிருந்த ட்றம்ப் அதே கோரிக்கையை மறுபடியும் எழுப்பினார். உழைப்பாரைத் தொழிற்சாலைக் கணக்கிற் சேர்ப்பது, ஊர்க் கணக்கிலிருந்து நீக்குவது என்பதே அக்கோரிக்கையின் பொருளாய் முடிகிறது. அப்படி நீக்கினால் முதலில் மெலிவது பெருநகரங்கள் மாத்திரமல்ல. வந்தோரால் உயிர்தரித்திருக்கும் போஸ்ற்வில் போன்ற ஊர்களுமே.

2000இல் எண்ணப்பட்டோருள் எத்தனை பேர் 2010இலும் அதே வீட்டில் இருந்தனர் என்பதை ஊர்த் தொகை சொல்லாது. ஆனால் கைது நடந்த மறுநாட் காலையில், அவ்வூர்ப் பாடசாலையில் இடாப்பைத் திறந்து பெயர்களை வாசித்த ஆசிரியர்களுக்கு அது தெரிந்திருக்கும்.