போர்டைத் திட்டுறதுக்கு முன்னாடி ப்ரோபைப் பாருங்க மக்கா

நம்ம எலெக்ட்ரானிக்ஸ் லேபுகள்ல ஒரு வழக்கம் உண்டு. சி.ஆர்.ஓ திரையில அலை கோணலா வந்தா உடனே ஐ.சி.யைப் பிடுங்கி வேற மாட்டுவாங்க. கையில பிடிச்சிருக்கிற ப்ரோபை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க. நான் பிழைப்புக்கு சாப்ட்வேர் எழுதுறவன். டெஸ்ட் தப்பா இருந்தா சரியான கோடும் பெயிலாகும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். இங்கயும் அதே கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சி.ஆர்.ஓ முகப்புலயே ஒரு சதுர அலை முனை இருக்கும், பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ். முதல்ல ப்ரோபை அதுல மாட்டுங்க.

1. வெறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் வருதா? கிரவுண்ட் ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கலாம். குளச்சல், மணக்குடி பக்கம்னா உப்புக்காத்துல கிளிப் களிம்பேறியிருக்கான்னும் பாருங்க.

2. சதுரத்தோட மூலை மழுங்கியோ, கொம்பு மாதிரி துருத்திக்கிட்டோ இருக்கா? 10எக்ஸ்ல வச்சு, ப்ரோப்ல இருக்கிற குட்டி ட்ரிம்மரைத் திருப்பினா நேராகிடும்.

3. வோல்ட் பத்து மடங்கு கூடவோ குறையவோ காட்டுதா? ப்ரோப் சுவிட்ச் ஒண்ணுலயும் சேனல் செட்டிங் வேற ஒண்ணுலயும் இருக்கும்.

4. கழட்டி, முனைக்கும் பி.என்.சி நடுப்பின்னுக்கும் மல்டிமீட்டர் வைங்க. 10எக்ஸ்ல சுமார் 9 மெகாஓம் வரணும். 1எக்ஸ்ல சில நூறு ஓம் காட்டினா ப்ரோப் போச்சுன்னு தூக்கிப் போட்டுராதீங்க. கேபிளுக்குள்ள இருக்கிறதே மின்தடைக் கம்பிதான்.

5. வேகமான சிக்னல்ல மட்டும் அலை நடுங்குதா? நீளமான கிரவுண்ட் ஒயரைக் கழட்டிட்டு சின்ன ஸ்ப்ரிங் போட்டுப் பாருங்க.

இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. ஆனா ஒரு விஷயத்துல உயிரே போகும். சாதாரண மேசை சி.ஆர்.ஓ.வுல கிரவுண்ட் கிளிப் நேரா மெயின்ஸ் எர்த்தோட சேர்ந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸோட பிரைமரி பக்கம் மாட்டினா டமார்! அதுக்குப் பயந்து பிளக்குல எர்த் பின்னை ஒடிச்சு வைக்கிற புத்திசாலிகள் உண்டு. அப்புறம் சி.ஆர்.ஓ.வோட உலோக உடம்புலயே கரண்ட் நிக்கும். அந்த இடத்துல டிஃபரென்ஷியல் ப்ரோப்தான் வேணும். விலை கூடத்தான், ஆனா ஒரு பையனோட உசிரைவிடக் கூட இல்ல.

முப்பந்தல்ல காத்தாடிகள் சுத்துற மாவட்டம் இது. பவர் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இங்க வேலை இருக்கு. அதனால என் கட்சி இதுதான்: முதல் லேப் வகுப்புல டையோடு வேண்டாம், ப்ரோபைக் கையில கொடுத்து சோதிக்கச் சொல்லுங்க. அதுக்கு மார்க்கும் போடுங்க. மார்க் இல்லாட்டி நம்ம பயலுவ செய்ய மாட்டானுவ.