பழசாப் போச்சு என்று சொல்லிப் பூட்டி வைத்த கொம்பியூட்டர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவர்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும், பிள்ளைக்குக் கொம்பியூட்டர் வாங்கக் காசு சேர்க்கிற பெற்றாரும் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

எங்கள் பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் ஒரு பூட்டிய அறை இருக்கும். திறந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய டெஸ்க்டொப்கள். ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "அது ஓன் ஆகவே பத்து நிமிஷம் சேர், பழசாப் போச்சு." 40 நிமிடப் பாடத்தில் பத்து நிமிடம் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வெறுப்பு வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "பழசு" என்பது காரணமே அல்ல. காரணத்தைத் தேடாமல் இருக்க நாங்கள் சொல்லிக்கொள்ளும் சாட்டு.

ப்ரொசெஸருக்கு மனிதனைப் போல முழங்கால் தேய்வதில்லை. தூசு அடைத்துச் சூடாகாத வரைக்கும், பத்து வருடத்துக்கு முதல் வாங்கிய ஐ3 அன்றைக்கு ஓடிய வேகத்தில்தான் இன்றைக்கும் ஓடும். உள்ளே உண்மையில் இழுக்கிற சாமான் பெரும்பாலும் ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 10 மில்லி செக்கன். கேட்கச் சின்னக் கணக்குத்தான். ஆனால் விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேட வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு அலுமாரிக்கு நடந்து போகிற கந்தோர் பியூனை நினைத்துப் பாருங்கள். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஓடுகிற முள்ளும் இல்லை. ஒரு தேடலுக்கு 0.1 மில்லி செக்கன் அளவுதான். நிமிடக் கணக்கில் இழுத்த மெஷின் அரை நிமிடத்துக்குள் எழும்புவது அதிசயம் இல்லை. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. பழைய போர்டிலும் வேலை செய்யும். 240 ஜி.பி. ஒன்று பாடசாலைக்கும் வீட்டுக்கும் தாராளம். விலையைக் கடையில் கேட்டு, புதுக் கொம்பியூட்டர் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி "போர்மட்" கதைக்கு வருகிறேன். எல்லாக் கடைக்காரரையும் சொல்லவில்லை, நேர்மையான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் என்ன வருத்தம் என்று பார்க்காமலே மருந்து எழுதுகிற டொக்டர் மாதிரி, மெஷினை மேசையில் வைத்தவுடன் "போர்மட் அடிச்சாச் சரி" என்பவர்களும் இருக்கிறார்கள். அடித்தவுடன் கொஞ்சம் வேகம் வரும், ஏனென்றால் உள்ளே ஒன்றும் இல்லை. நாலு சொஃப்ட்வெயர் ஏறியதும் பழைய கதைதான். ஹார்ட் டிஸ்க் அதேதானே! எங்கள் ஊரில் ஒரு குடும்பம், மௌத்தான வாப்பாவின் ஹஜ் படங்கள் முழுவதையும் இப்படித்தான் இழந்தது. "உள்ளே தேவையான எதுவும் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அந்த உம்மாவுக்கு எந்த எஸ்.எஸ்.டி.யும் அதைத் திருப்பிக் கொடுக்காது.

கடைக்குத் தூக்க முன் எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். கையிலுள்ள போனில் நேரம் பிடியுங்கள். விண்டோஸ் அடையாளம் வர முதலே கறுப்புத் திரையில் நின்றால் அது விண்டோஸின் குற்றமே இல்லை. போர்மட் அடித்தும் பிரயோசனம் இல்லை. பழைய மெஷின்களில் எஃப் 1 ஐ அழுத்து என்று கேட்டுக்கொண்டு நிற்கும், திகதியும் பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். போர்டில் இருக்கிற சி.ஆர். 2032 என்ற பொத்தான் பெற்றரி செத்துவிட்டது, அவ்வளவுதான். தராசுக்கும் போடுகிற பெற்றரி அது. அதற்காக ஒரு முழு மெஷினை ஒதுக்கி வைத்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

டெஸ்க்டொப் வந்த பிறகும் மவுஸ் அசையாமல் நின்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் வரும். ஸ்டார்ட்அப் என்ற பகுதியில் யார் யார் அழையாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். ஒரே மெஷினில் இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10 இல் டிஃபென்டர் கூடவே வருகிறது. வேண்டாததையெல்லாம் நிறுத்திய பிறகும் டிஸ்க் என்ற இடம் நெடுநேரம் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி அனேகமாகப் பிடிபட்டுவிட்டான். ரெம் 2 ஜி.பி. என்றால் அதையும் 4 அல்லது 8 ஆக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச சொஃப்ட்வெயர் உண்டு. அது ஹார்ட் டிஸ்க்குக்கு மஞ்சள் அல்லது சிவப்புக் காட்டினால் வேறு எந்த வேலையும் செய்யாமல் முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்குக் கொப்பி எடுங்கள். வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.

"விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சே சேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 ஒக்டோபர் 14 உடன் அதன் வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் அங்கீகரிப்பதில்லை. வங்கி வேலை செய்கிற மெஷின் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் அது பாதுகாப்புப் பிரச்சினை, வேகப் பிரச்சினை அல்ல. இரண்டையும் குழப்பித்தான் புதியதை விற்கிறார்கள். பாடசாலை மெஷினில் லினக்ஸ் மின்ட் இலவசமாகப் போடலாம். தமிழ் டைப்பிங், லிப்ரே ஒஃபீஸ், பைதன் எல்லாம் அதில் ஓடும். பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறகு ஏன் செய்வதில்லை? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். புதிதாகப் பத்துக் கொம்பியூட்டர் கொடுத்தால் நாடா வெட்டலாம், பொன்னாடை போர்த்தலாம், பெயர்ப்பலகை அடிக்கலாம், படம் பேஸ்புக்கில் வரும். பழைய இருபதுக்கு எஸ்.எஸ்.டி. போட்டால் யார் நாடா வெட்டுவது? எந்த மூடிக்கு மேல் பெயர் எழுதுவது? அந்தப் பத்தும் நாலைந்து வருடத்தில் அதே பூட்டிய அறைக்குத்தான் போகும், பராமரிக்க ஒரு சதமும் ஒதுக்காததால். இஸ்ராஃப் பற்றி ஜும்ஆவில் கேட்கும்போது வலீமாச் சாப்பாடு மட்டும்தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது. ஸதகாவாக வந்த காசில் வாங்கிய மெஷினைத் தூசில் போட்டு வைத்திருப்பதற்கு என்ன பெயர்?

2022 இல் டொலர் ஏறியபோது பட்ட பாடு மறந்திருக்காது. பிள்ளையின் படிப்புக்கென்று நகையை ஈடு வைத்துப் புது மெஷின் வாங்கிய உம்மாமார் இன்னும் வட்டி கட்டுகிறார்கள். அதில் எத்தனை வீட்டில் பழையதே போதுமாக இருந்ததோ, அல்லாஹ்தான் அறிவான்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்வோம். அதிபரிடம் அனுமதி வாங்கி, பொருட் பதிவேட்டில் குறித்து, அந்த அறையிலிருந்து ஒரேயொரு மெஷினை எடுப்போம். மாற்ற முன் எத்தனை நிமிடம், மாற்றிய பின் எத்தனை செக்கன் என்று எழுதிக் கூட்டத்தில் மேசைக்கு மேல் வைப்போம். முதலாவது எஸ்.எஸ்.டி. என் செலவு. ஸ்குரூ ட்ரைவர் பிடிக்கத் தெரிந்த இரண்டு தம்பிமார் ஒரு சனிக்கிழமை காலை வந்தால் போதும், இன்ஷா அல்லாஹ். வர முடிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.