வீட்டில் "பாம்" இருக்கிறது!

"எங்கள் வீட்டில் ஒரு பாம் இருக்கிறது. வெள்ளை பாம். ராத்திரி முழுவதும் தூங்காது!"

யாராவது இப்படிச் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். அவர் சொல்வது வெடிகுண்டை அல்ல, நாயை! பாமரேனியன் என்ற பெயரைத்தான் அப்படிச் சுருக்கி விட்டார்.

இன்னொருவர், "எங்கள் லேப் 7 குட்டி போட்டது" என்பார். ரத்தம் பரிசோதிக்கும் இடம் எப்படிக் குட்டி போடும்? அது லேப்ரடார் நாய்.

நாய் வளர்ப்பவர்களிடம் இந்தப் பழக்கம் பரவி விட்டது. சிலருக்கு இது பிடிக்கிறது. சிலருக்குக் கோபம் வருகிறது.

வரியும் நாயும்

ஜெர்மன் ஷெப்பர்டு டாக் என்ற நாயை "ஜி.எஸ்.டி." என்கிறார்கள். 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நம் நாட்டில் ஜி.எஸ்.டி. வரி வந்தது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். "ஜி.எஸ்.டி. கடித்து விட்டது" என்றால், கடைக்காரர் வேறு விதமாகப் புரிந்து கொள்வார்!

இந்த நாயை நம் வீடுகளில் "அல்சேஷன்" என்றும் சொல்வார்கள். அது சுருக்கம் அல்ல, மாற்றுப் பெயர். முதல் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனி என்ற பெயரே ஆங்கிலேயருக்குக் கசந்தது. ஆகவே, அல்சாஸ் என்ற பகுதியின் பெயரை நாய்க்கு வைத்தார்கள். 1977-ம் ஆண்டுதான் பிரிட்டிஷ் நாய்ச் சங்கத்தார் பழைய பெயரை மறுபடியும் ஏற்றுக் கொண்டார்கள். நாய் அப்படியேதான் இருந்தது. மனிதர்களின் சண்டையில் அதன் பெயர் மாறியது!

வரி என்றதும் டாபர்மேன் ஞாபகம் வருகிறது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் டோபர்மான் என்ற வரி வசூல்காரர் இருந்தார். அவர் உருவாக்கிய நாய் இனத்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

இதைச் சிலர் "டோபி" என்று கூப்பிடுகிறார்கள். இது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. துணி தேய்த்துக் கொண்டு வருபவர் வாசலில் நிற்கிறார். "டோபி, சும்மா இரு!" என்று உள்ளே இருந்து அதட்டல் வருகிறது. உழைத்துப் பிழைக்கும் அந்த மனிதர் மனம் என்ன பாடுபடும்? "நாயைத்தான் சொன்னேன்" என்று சமாதானம் சொன்னால், அது இன்னும் மோசம். இந்த ஒரு சுருக்கத்தையாவது விட்டு விடுங்கள்.

கோவையும் நெல்லையும்

"சுருக்கினால் என்ன தப்பு? கோயம்புத்தூரைக் கோவை என்கிறோம். திருநெல்வேலியை நெல்லை என்கிறோம். ஊரையே சுருக்கினோம், நாயைச் சுருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். வாயில் நுழையாத பெயரைப் பாட்டியும் பேரனும் எப்படிச் சொல்வார்கள்? வீட்டுக்குள் அன்பாகச் சொல்வதை யாரும் தடுக்க முடியாது.

ஆனால், நம் நாட்டு நாய் வளர்ப்பவர்களைப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை - மூன்றும் ஊர்ப் பெயர்கள். அவர்கள் முழுப் பெயரையும் வாய் நிறையச் சொல்கிறார்கள். 2005-ம் ஆண்டு இந்திய தபால் துறை 4 நாய்களின் படத்தைத் தபால் தலையில் போட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்த நாயை வைத்திருப்பவரிடம் போய்ச் சுருக்கிச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறி விடும்!

பாம் அல்லாத பாம்

சிரிப்பு வேறு, பணம் வேறு. ஏமாற்றம் வருவது "பாம்" என்ற சொல்லில்தான்.

பாமரேனியன் மிகச் சிறிய நாய். நன்றாக வளர்ந்த பிறகும் 2 அல்லது 3 கிலோதான் இருக்கும். பால்டிக் கடல் ஓரத்தில் உள்ள பொமரேனியா பகுதியின் பெயர் அதற்கு வந்தது. விக்டோரியா மகாராணி சிறிய வகையை விரும்பி வளர்த்ததால், அதன் புகழ் பரவியது.

நம் தெருக்களில் "பாம்" என்று சொல்லப்படும் வெள்ளை நாய்களில் பல, பாமரேனியன் அல்ல. அவை இந்தியன் ஸ்பிட்ஸ். பார்வைக்கு அதன் அண்ணன் மாதிரி இருக்கும். 5 கிலோவுக்கு மேல் வளரும். நம் வெயிலையும் தாங்கும். நல்ல நாய். அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை எங்கே? விற்பவர் "பாம்" என்கிறார். வாங்குபவர் பாமரேனியன் என்று நினைத்து அதிக விலை கொடுக்கிறார். 6 மாதத்தில் நாய் மடியை விட்டு இறங்கி, கட்டில் அளவுக்கு நீள்கிறது. திரும்பிப் போய்க் கேட்டால், "நான் பாம் என்றுதானே சொன்னேன். பாமரேனியன் என்றா சொன்னேன்?" என்று பதில் வரும்.

நாயின் கதி அதைவிடப் பரிதாபம். "பாம் இவ்வளவு பெரிதாக இருக்கலாமா?" என்று யாரோ சொல்ல, சோற்றைக் குறைத்துப் பட்டினி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குண்டாகவில்லை. அதன் உடம்பே அவ்வளவுதான்.

ஆகவே, குட்டி வாங்கும்போது இனத்தின் முழுப் பெயரையும் ரசீதில் எழுதிக் கேளுங்கள். தாய் நாயை ஒரு முறை நேரில் பாருங்கள். குட்டி எவ்வளவு வளரும் என்பது ஓரளவு தெரிந்து விடும். கால்நடை டாக்டரிடமும், நாய்க்கு உரிமம் வாங்கும்போதும் அதே முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

எழுதித் தர முடியாது என்று விற்பவர் மழுப்பினால், பணத்தை எடுக்காமல் வீட்டுக்குத் திரும்புங்கள்.