மாற்று நாள் என்றால் எந்த நாள்?

போன மாதம் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு மருந்துச் சீட்டோடு வந்தார்கள். "சார்வாள், மாற்று நாள்னா எந்த நாளு?"

'மாற்று நாட்களில் ஒரு மாத்திரை' என்று கம்ப்யூட்டர் தமிழில் அச்சடித்திருந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியது 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்'. ஆச்சி நான்கு நாளாகத் தினமும் விழுங்கியிருக்கிறார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இதை எழுதியது ஊகிக்கும் இயந்திரம். கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கும். சரளமாக எழுதும், ஆனால் இன்று நாம் திருத்தினாலும் நாளை அதே தவறு வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

என் பேரன் லேப்டாப்பில் வேறொன்றைக் காட்டினான். கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க் என்று பெயர். ஆர்னே ராந்தா என்ற ஃபின்லாந்து அறிஞர் 1998-இல் தொடங்கிய வேலை. கருத்துக்கு ஒரு பொது வடிவம். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி இலக்கண விதி. ஆங்கில வாக்கியம் கொடுத்தால் உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டி, இந்தியில் சொல்கிறது. பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று கரும்பலகையில் நான் முப்பது வருஷம் செய்ததன் தம்பிதான் இது! விதிக்குள் அடங்காத வாக்கியத்தைக் கொடுத்தால் பேசாமல் நின்றுவிடுகிறது. தெரியாததைத் தெரியும் என்று சாதிக்காத அந்தக் குணம்தான் எனக்குப் பிடித்தது.

'இது பழைய முறை, எல்லா வாக்கியத்துக்கும் விதி எழுதி மாளுமா?' என்பார்கள். மாளாதுதான். வெளிநாட்டுச் சம்பந்தி கடிதத்துக்கு ஊகிக்கும் இயந்திரமே போதும். ஆனால் மருந்துச் சீட்டில் வருவது எத்தனை வாக்கியம்? கனடாவில் வானிலை அறிக்கையை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றியது இப்படி விதியால் இயங்கிய 'மெத்தியோ' என்ற இயந்திரம். 1977 முதல் 2001 வரை!

நம் குற்றாலத்தையே பாருங்கள். சீசனில் கேரளத்துக்காரர்களும் நிறைய வருகிறார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அருவிக்கரை எச்சரிக்கை தமிழிலும் மலையாளத்திலும் பிசகாமல் வர ஐம்பது வாக்கியம் போதாதா?

உயிர் சம்பந்தப்பட்ட எழுத்தை ஊகத்திடம் விடாதீர்கள். விதி எழுத ஆள் இல்லை என்று சொல்லவேண்டாம். ரிட்டயர்டு தமிழாசிரியர்கள் தெருவுக்கு ஒருவர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.