கடலோர வீட்டுக்குப் புது ஏ.சி.: விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் முன்னோர் வாக்கு. விழிஞ்ஞம் கடற்கரைப் பகுதியில் பழைய ஏ.சி.யைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறில்லை. கடைக்காரர் காட்டும் விலையைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். அதன் பிறகு வரும் செலவுகள்தாம் நம்மை வாட்டுகின்றன. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்து குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

"நாங்களெல்லாம் ஏ.சி.யா போட்டு வளர்ந்தோம்?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர்கள் வளர்ந்தது ஓட்டு வீட்டில். முற்றமும் திண்ணையும் இருந்தன. இன்று நாம் குடியிருப்பதோ பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதை அறைக்குள் கக்குகின்ற கான்கிரீட் கூரையின் கீழ். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, காற்று வராதா என்று ஊரிலிருந்து வரும் உறவினர் கேட்பார்கள். பகலில் கடற்காற்று வரும். இரவில் நிலம் குளிர்ந்ததும் அது நின்று, நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்றுதான் வீசும். தூங்க வேண்டிய நேரத்தில் புழுக்கம். கொசுவுக்குப் பயந்து சன்னலையும் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம். 2024-ஆம் ஆண்டு கோடையில் கேரளத்தின் ஒரு நாள் மின்செலவு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. அத்தனை வீடுகளிலும் ஏ.சி. ஓடியது ஆடம்பரத்துக்காக அல்ல. வயதான தாய் தந்தையரையும் கைக்குழந்தையையும் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையாகிவிட்டது. ஆகவே வாங்கலாமா கூடாதா என்பதல்ல என் பேச்சு. எப்படி வாங்குவது, எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

விழிஞ்ஞத்துக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உப்பு. இந்தக் கரையின் அலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1991-ல் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையத்தை விழிஞ்ஞத்தில்தான் அமைத்தார்கள். அதன் திறன் 150 கிலோவாட். அந்த நிலையம் இப்போது இயங்கவில்லை, அலை ஓயவில்லை. பாறையில் அலை மோதிச் சிதறும்போது எழும் நுண்ணிய துளிகள் உப்பைச் சுமந்துகொண்டு காற்றில் ஏறி, நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வெளிப்பெட்டியில் வந்து படிகின்றன.

அந்த வெளிப்பெட்டிக்குள் செம்புக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகிறது. அதில் முதலில் அரிக்கப்படுவது அலுமினியம். தகடுகள் மாவாக உதிர்கின்றன. சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடுகிறது, மின்செலவு கூடுகிறது. கடைசியில் எங்கோ ஓட்டை விழுந்து கேஸ் வெளியேறுகிறது. உள்நாட்டில் பத்து ஆண்டுகள் உழைக்கும் இயந்திரம் கடலோரத்தில் ஐந்து ஆண்டுகளில் படுத்துவிட்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏ.சி. ஒன்றின் விலை ரூ. 45,000 என்று வைத்துக்கொள்வோம். தாங்கி, கூடுதல் செம்புக் குழாய், ஸ்டெபிலைசர், மாட்டுகூலி எல்லாம் சேர்த்து ரூ. 50,000 ஆகிறது. அது பத்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ரூ. 5,000 தேய்மானம். ஐந்தே ஆண்டுகளில் போய்விட்டால் ஆண்டுக்கு ரூ. 10,000. பத்தாண்டுக் கணக்கில் உப்பு நம்மிடமிருந்து பறித்துக்கொள்வது ரூ. 50,000.

இதோடு நட்சத்திரக் கணக்கை ஒப்பிடுங்கள். ஏ.சி.யின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஓர் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. அதாவது இரவுக்கு 8 மணி நேரம் வீதம் 200 இரவுகள். நம் வீட்டுப் பழக்கத்துக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. ஐந்து நட்சத்திரத்துக்கு 800 யூனிட், மூன்று நட்சத்திரத்துக்கு 1,000 யூனிட் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு 200 யூனிட். யூனிட் ரூ. 7.50 என்றாலும் ஆண்டுக்கு ரூ. 1,500 மிச்சம். ஐந்து நட்சத்திரத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த ரூ. 7,500 திரும்பி வர ஐந்து ஆண்டுகள் ஆகும். ஐந்தாம் ஆண்டில் உப்பு அந்த இயந்திரத்தைத் தின்றுவிட்டால்? லாபம் என்று எதுவும் இல்லை. ஐந்து நட்சத்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடற்கரையில் ஆயுளைக் காப்பாற்றாதவனுக்கு நட்சத்திரத்தால் பயனில்லை என்றே சொல்கிறேன்.

மின்கட்டணத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகிவிட்டு இங்கு வருகிறோம். கேரளத்தில் எல்லா வீடுகளுக்கும் அப்படியொரு சலுகை இல்லை. இங்கே மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். முதல் 50 யூனிட்டுக்குக் குறைவு, அடுத்ததற்குக் கொஞ்சம் அதிகம், இப்படி ஏறும். 250-ஐத் தாண்டிவிட்டால் படிகளே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை ஒரே கட்டணம். இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை பில் வருவதால் எல்லை 500 யூனிட். மாதம் 220 யூனிட் செலவழிக்கும் வீட்டில் ஏ.சி. இரவுக்கு 4 யூனிட் எடுத்தால் மாதம் 120 கூடி 340 ஆகிவிடும். ஏ.சி. எடுத்த 120 யூனிட்டுக்கு மட்டுமல்ல, முன்பு மலிவாகக் கிடைத்த 220 யூனிட்டுக்கும் சேர்த்து வேறு கணக்கு விழுகிறது. பில்லைப் பார்த்துவிட்டு மீட்டரில் கோளாறு என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. மாதம் 250-க்குள் அடக்க முடியுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

அடக்குவதற்கு வழி இருக்கிறது. விழிஞ்ஞத்தில் நம்மை வாட்டுவது சென்னையைப் போன்ற கொதிக்கும் வெயில் அல்ல; காற்றிலுள்ள ஈரம். ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 26 டிகிரியில், மெல்ல ஓடும் மின்விசிறியோடு நிம்மதியாகத் தூங்கலாம். 18-ல் வைத்துவிட்டுப் போர்வை தேட வேண்டியதில்லை. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் கூரையின் சூடு தணியும். இவற்றையெல்லாம் முதலில் செய்துவிட்டு அதன்பின் ஏ.சி. வாங்கினால் ஒன்றரை டன் வேண்டிய அறைக்கு ஒரு டன்னே போதுமானதாக இருக்கலாம்.

மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்ற கேள்விக்கும் வருவோம். "அண்ணாச்சி, கேஸ் தீர்ந்துபோச்சு, நிரப்பணும்" என்று மெக்கானிக் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். கேஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதேபோல் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொன்னவுடன் புதிய இயந்திரத்துக்கு ஓடாதீர்கள். சில நூறு ரூபாய் கெப்பாசிட்டர் கெட்டாலும் கம்ப்ரஸர் ஓடாது. இன்னொருவரையும் அழைத்துக் காட்டுங்கள். தகடுகள் உதிர்ந்து, குழாயே பல இடங்களில் கசிந்தால் மட்டும் மாற்றுவது நல்லது.

பழைய இயந்திரத்தில் ஆர்-22 கேஸ் இருந்தால் விஷயம் வேறு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. இந்தியாவும் 2030-க்குள், பழுது வேலைக்கான சிறு அளவு தவிர, கைவிட ஒப்புக்கொண்டிருக்கிறது. புதிய இயந்திரங்களில் பரவலாக வருவது ஆர்-32. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நிரப்ப முடியாது; அழுத்தமும் வேறு, எண்ணெயும் வேறு. ஆகவே உள்பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, வெளிப்பெட்டியை மட்டும் மாற்றலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. பழையதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது குழாயை வெட்டிக் கேஸைக் காற்றில் விடவும் கூடாது. கம்ப்ரஸர் ஓடும் நிலையில் இருந்தால், கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அதற்கு அதிக நேரம் ஆகாது.

கனடாவில் இருக்கும் நம் உறவினர்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் ஆயிற்று என்று தொலைபேசியில் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே குளிர், இங்கே உப்பு. ஆனால் அங்கும் இங்கும் பாடம் ஒன்றுதான்: அந்தந்த ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்றதை வாங்காவிட்டால் இரண்டு முறை வாங்க வேண்டி வரும்.

விழிஞ்ஞத்துக்கு ஏற்றது எது? முதலாவது, தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, வெளிப்பெட்டியைக் கடல் பார்த்த மேற்கு, தென்மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். கிழக்குச் சுவரில், காற்றோட்டம் உள்ள இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். குழாய் இரண்டு மீட்டர் கூடினாலும் பரவாயில்லை. மூன்றாவது, மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வெளிப்பெட்டியின் உப்பைக் கழுவுங்கள். இதற்குக் காசே செலவில்லை. நான்காவது, உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள். பத்து ஆண்டு என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். கடற்கரை உப்பால் வரும் அரிப்புக்குப் பொறுப்பில்லை என்று சில சீட்டுகளில் பொடி எழுத்தில் இருக்கும். கடலோர மக்களிடம் பணம் வாங்கும் நிறுவனங்கள் இதைப் பெரிய எழுத்தில், நமக்குப் புரியும் மொழியில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாடகை வீட்டில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் பழைய ஏ.சி. கெட்டுவிட்டால் மாற்றும் செலவு யாருடையது? ஒப்பந்தம் எழுதும்போதே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாமே வாங்கி மாட்டினால் வீடு மாறும்போதெல்லாம் கழற்றவும் மாட்டவும் கேஸ் நிரப்பவும் சில ஆயிரங்கள் போகும். வட்டியில்லாத் தவணை என்று பன்னிரண்டு மாதத்துக்கு வாங்கிவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா?

2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் முறையாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதையொட்டி இன்னும் பல தமிழ்க் குடும்பங்கள் இங்கு வரக்கூடும். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் நாம், இந்த உப்புக் கணக்கையும் சொல்லிக்கொடுக்க வேண்டாமா? நம் சங்கம் ஒரு காரியம் செய்யலாம். கடலோரத்தில் இருக்கும் உறுப்பினர் வீடுகளைச் சேர்த்து, நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் ஆண்டுப் பராமரிப்புக்கு மொத்தமாகப் பேசலாம். பத்து வீடு சேர்ந்து கேட்டால் கூலியும் குறையும், வேலையும் ஒழுங்காக நடக்கும்.

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ரூ. 50,000 கொடுப்பது நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. ஊரில் ஒரு தங்கையின் சீருக்கோ, தகப்பனாரின் கண் அறுவை சிகிச்சைக்கோ உதவக்கூடிய பணம் அது. அதை உப்புக்கு இரையாக்காமல் காப்பது ஒரு வாளி நல்ல தண்ணீரும் கொஞ்சம் கவனமும்தான். அன்பர்கள் இந்தக் கோடை பிறப்பதற்குள் தத்தம் வீட்டு வெளிப்பெட்டியை ஒரு முறை திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.